கழித்துப் போட்ட மூன்று வண்டுகள்

வண்டைப் பிடித்துப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் குளிப்பாட்டிய ஆள் கேமரன் மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அறிவு கொஞ்சம் தாமதமாக வந்தாலும் சுறுசுறுப்பு சீக்கிரமே வந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு ஒரு வாரம் விருந்தாளியாக ஓர் அக்கா வந்திருந்தார். மாமாவின் சிநேகிதர் மகள். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிப்பவர். தினமும் காலையில் தேயிலைக்கு மேலே இருக்கும் காட்டோரம் போய், இற்றுப்போன மரக்கட்டைகளைப் புரட்டி வண்டு பிடிப்பார். அவர் தேடியது வண்டை அல்ல, அதன் முதுகிலும் காலிலும் மஞ்சள் முடி மாதிரி ஒட்டி வாழும் ஒரு பூஞ்சையை. அது வண்டைக் கொல்லாது, அதன் மேலேயே தொற்றிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடும். முதல் நாளே ஒன்று கிடைத்தது. இதுவரை யாரும் பேர் வைக்காத இனம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் துண்டின் மேல் வைக்கும்போது அது ஒடிந்து தூளாகிவிட்டது. முழுசாக இன்னொன்று கிடைக்காவிட்டால் பேரும் வைக்க முடியாது, இத்தனை நாள் படிப்பும் அந்தரத்தில் நிற்கும். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். சாப்பிடும்போதுதான் சொன்னார், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றைக்குக் கோழிக்கறி என்பதால் என் காதில் எதுவும் விழவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவுக்கு வண்டு வேண்டும் என்பதுதான். கிளம்புவதற்கு முதல் நாள் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் பள்ளிவிட்டு வந்ததும் மைலோ டின்னை எடுத்துக்கொண்டு காட்டோரம் போனேன். அக்கா ஒருநாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய அதே கட்டையைப் புரட்டிப் பதினைந்து வண்டு பிடித்தேன்.

அம்மா கொழுந்து எடுப்பவர். மூட்டை நிறுவைக்குப் போகும் முன் முற்றல் இலை, குச்சி, புல் எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டுவிடுவார். கங்காணி மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்து முகம் சுளித்தால் அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது. ஒன்றை இன்னொருவர் கையில் கொடுப்பதென்றால் வேண்டாததை நீக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தராமலே படிந்த பழக்கம். என் வண்டுகள் மேலோ மஞ்சளாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் போய் எப்படிக் கொடுப்பது? அண்ணனின் பழைய பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பன்னிரண்டு வண்டு பளபளவென்று ஆகிவிட்டன. மூன்று மட்டும் என்ன தேய்த்தும் மசியவில்லை. அவற்றை ஒரு மார்ஜரின் டின்னில் போட்டு மூடி, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒதுக்கிவைத்தேன்.

மறுநாள் மதியம் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மாமாவின் லோரி வந்து நின்றது. அக்கா அதில்தான் ஊருக்குப் போக வேண்டும். நான் பெருமையாக மைலோ டின்னை நீட்டினேன். அக்காவின் முகம் மலர்ந்தது. லென்ஸை எடுத்து ஒவ்வொரு வண்டாகப் பார்த்தார். பன்னிரண்டாவதையும் பார்த்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றார். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பதறிப்போனார். "என்னம்மா, இவ ஏதும் தப்பு பண்ணிட்டாளா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா தேச்சுதான்க்கா குடுத்தேன். அழுக்கு போகாத மூணையும் கழிச்சுப் போட்டுட்டேன்க்கா."

அக்கா எழுந்து நின்றார். "எங்க போட்ட?"

கல்லுக்குப் பின்னால் டின் இல்லை. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். காலையில்தான் அந்த இடத்தைக் கூட்டிக் குப்பைப் பையில் கட்டி லயத்துக் கோடியில் வைத்திருக்கிறார். குப்பை அள்ளும் டிராக்டர் வருகிற நேரம் அது. நாங்கள் மூவரும் ஓடினோம். "கோஸ் வாடிடும் லா, சீக்கிரம் வாங்க!" என்று மாமா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

பை இருந்தது. அக்கா காய்ச்சல் உடம்போடு மீன் முள்ளுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவே கைவிட்டுத் துழாவி டின்னை எடுத்தார். மூடி கழன்றிருக்கவில்லை. உள்ளே ஒன்று செத்துக் கிடந்தது, இரண்டு நடந்துகொண்டிருந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தவர் குப்பைக்கு நடுவிலேயே உட்கார்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும்தான். அடி விழாது என்று தெரிந்த நிமிடத்தில் வருகிற அந்த நிம்மதிக்கு ஈடாக இன்றுவரை எதுவும் எனக்கு வாய்க்கவில்லை.

சில வருடம் கழித்து அக்கா ஓர் அச்சிட்ட கட்டுரையை அனுப்பினார். புதிய இனம், புதிய பேர், பக்கத்தை அடைத்துக்கொண்டு பெரிதாக்கிய ஒரு படம். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. என் பிரஷ்ஷுக்கு மசியாத அதே மஞ்சள் அழுக்கு.

ஆனால் அன்றைக்கு லோரி வளைவில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா அந்த டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவருக்கு, கடைசியில் நாங்கள் கழித்துப் போட்டதைத்தானே கொடுத்தனுப்பினோம்.