மூன்று பேருந்து, மூன்று கர்சீப்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில்தான் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மை பூசிய மீசை, சட்டைப்பை நிறையக் கட்டம் போட்ட கர்சீப்புகள். மாமல்லபுரம் போக நின்ற மூன்று பேருந்துகளிலும் ஜன்னல் வழியே ஒவ்வொரு கர்சீப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கோ மறுநாள் சர்வதேச வங்கி, பங்குச்சந்தைச் சட்டத்தில் தேர்வு. வழியில் உட்கார்ந்து படித்தால்தான் பாஸ்.

முதலில் கிளம்பிய பேருந்தில் ஏறினோம். அவர் தன் கர்சீப்பை எடுத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார். வேறு இடமில்லாமல் நான் தடிப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன்.

"ஒரு ஆளு மூணு சீட்ட மடக்கலாமாண்ணா? பங்குச்சந்தையில இப்படிப் பண்ணா சட்டம் சும்மா விடாது."

"இன்னா பண்ணும்?"

"ஃபைன் போடும்."

"கட்டிட்டா? சீட்ட புடுங்கிக்குமா?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். "பெரிய பேங்க்குன்னா புடுங்க மாட்டாங்க."

"அப்போ என்னை பெரிய பேங்க்குன்னு நெனச்சுக்கோ தம்பி."

திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது, மறக்காமல் கர்சீப்பை மறுபடி சீட்டில் விரித்தார். "இதே வண்டிதான் திரும்பும். வரசொல்ல ஏறிக்கிறேன்."

மாமல்லபுரம் வரை அந்தக் காலி சீட்டின் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன். சட்டம் படிக்கிற நான் அந்தத் துணியை ஏன் தொடவில்லை என்பது இன்றுவரை புரியவில்லை.