கரண்ட் போகும் முன்பே

"சூரியனையே புடிச்சு அடைக்கிற சட்டிக்கு இவ இரும்பு செய்யறாளாமா. செரி அம்மணி, அந்தச் சட்டி எங்க இருக்குது?"

பல்லடத்தில் ஒரு காதுகுத்துப் பந்தியில் என் அத்தை இப்படிக் கேட்டார். வாயில் லட்டு இருந்ததால் விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்ல முடிந்தது. "இன்னும் கட்டலீங்க அத்தை."

பந்தியே சிரித்தது. "அது வாரதுக்குள்ள உனக்கு நரைச்சுப்போயிருமே கண்ணு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அணுவைப் பிளக்காமல், சூரியனில் நடப்பதுபோல அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கும் உலை இன்னும் எந்த ஊரிலும் விளக்கெரிக்கவில்லை. அப்படி ஒன்று வந்தால் அதன் சுவரை எந்த உலோகத்தில் கட்டுவது என்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொட்டகையில் தறி ஓட்டுகிறார்கள். அதனால் அன்று தலை குனியாமல் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

கோயமுத்தூரில், எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், நானே கலந்து உருவாக்கிய எஃகிலிருந்து கடைந்தெடுத்த சுண்டுவிரல் நீளக் கம்பி ஒன்று, மங்கலாகச் சிவந்த குழாய் உலைக்குள் எடை கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அது மெல்ல மெல்ல நீளும். எத்தனை காலம் அறுந்துபோகாமல் தாங்குகிறது என்று பார்த்துக் காத்திருப்பதுதான் வேலை. கோடை முழுக்கத் தாங்கியது. தீபாவளி வரை தாங்கினால் ப்ராஜெக்ட்டை நீட்டிப்பார்கள், என் உதவித்தொகையும் தொடரும். இல்லையென்றால் இரண்டும் முடிந்தது.

ஆடி மாதம் பராமரிப்புக்காக ஷட்டவுன் விட்ட ஒரு நாள். காலை ஒன்பதுக்குக் கரண்ட் போய்விட்டது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. உள்ளே போனேன். எடை கீழே மணல் தட்டில் உட்கார்ந்திருந்தது. கம்பி அறுந்துவிட்டது.

ஜெனரேட்டர் பார்க்கும் அண்ணன் வாசலிலேயே நின்றார். "ஏனுங் மேடம், நான் ஒடனே போட்டுட்டனுங்க. ரெண்டே நிமிசந்தானுங்க."

அவர் தாமதமாகப் போட்டிருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். கரண்ட் போய் உலை ஆறி, திரும்ப வேகமாகச் சூடேறி, அந்தக் குழப்பத்தில் கம்பி அறுந்திருந்தால் என் எஃகு தப்பித்துவிடும்.

உலைக்குப் பக்கத்தில் மணிக்கணக்குக் காட்டும் சின்னக் கருவி உண்டு. பேட்டரியில் ஓடுவது. கம்பி அறுந்த கணத்தில் அதுவும் நின்றுவிடும். அதில் இருந்த எண்ணிலிருந்து முந்தின மாலை குறித்த எண்ணைக் கழித்தேன். நம்பாமல் இன்னொரு தடவை கழித்தேன். விடியற்காலையிலேயே அறுந்திருக்கிறது.

அப்பாவுக்கு போன் செய்து, கம்பி அறுந்ததைச் சொன்னேன்.

"கரண்ட்டுனு சொல்லிப்போடு கண்ணு" என்றார் சாதாரணமாக. "துணி லேட்டானா நாங்க யாவாரிகிட்ட வேற என்னத்தச் சொல்றோம்? அவரும் நம்பற மாதிரி தலையாட்டிக்கறாரு."

"கரண்ட் போறதுக்கு முந்தியே அந்துபோச்சுங்கப்பா."

"எத்தன முந்தி?"

"விடியறப்பவே."

தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "அப்ப நூலுதான் மோசம்" என்றார். பிறகு, "அம்மாகிட்டக் குடுக்கட்டுமா?"

"வேண்டாங்கப்பா."

என் பேராசிரியரும் கரண்ட்டால் போனது என்றுதான் எண்ணியிருந்தார். "ஷட்டவுன்லதானேம்மா போச்சு? இந்த டெஸ்ட் செல்லாதுன்னு எழுதி, ஆறு மாசம் கூடுதலாக் கேப்போம்." நான் கருவியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வேற கம்பி இருக்கா?"

"இருக்குதுங்க சார். அதே கலவைதானுங்க."

"அப்ப அதுவும் இதே மாதிரிதான் போகும்" என்றார்.

கலவை தாங்கவில்லை என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். திமிர்தான். நான் செய்த எஃகின் தோல்விக்குக் கரண்ட் ஆபீஸ்காரர் எதற்குச் சொந்தம் கொண்டாட வேண்டும்? ப்ராஜெக்ட் நீட்டிக்கப்படவில்லை. ஆய்வேட்டை எழுதி முடிக்கலாம், பட்டம்கூடக் கிடைக்கலாம். இந்த வழியில் போகாதே என்று அது வேறு யாருக்காவது சொல்லும் என்கிறார்கள். யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த உலைச்சுவரில் என் கை பட்ட இரும்பு இருக்காது. அது மட்டும் தெரியும்.

கோயமுத்தூர் கணபதியில் பம்ப் வார்ப்படம் செய்யும் பட்டறை ஒன்றில் காஸ்டிங் சோதிக்க ஆள் தேடினார்கள். போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். முதல் நாள் மதியத்துக்குள் நான்கைந்து காஸ்டிங்கைச் செல்லாது என்று ஒதுக்கி வைத்தேன்.