பாரிஸில் மணி ஒன்று முப்பத்தைந்து

என் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘பாரிஸ் மதியம் 2, பாகூர் மாலை 5.30’ என்று என் கையெழுத்தில் இருக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் போட்ட கணக்கு. தப்பாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவியின் அண்ணனுக்காக எழுதியது அது. எனக்கு மச்சான், ஊருக்குச் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவர்களை எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பேசியவர், போன வருஷம் மே மாதம் அவர் மனைவி இறந்த பிறகு ஞாயிறுதோறும் கூப்பிட ஆரம்பித்தார். பேச்சு இரண்டு ஊர்களின் சண்டையாகவே போகும். அங்கே இரவு ஒன்பதுக்கும் வெயில் அடிக்கிறது என்பார். இங்கே ஆறரைக்கெல்லாம் விளக்குப் போட்டாயிற்று என்பேன். அங்கே ரயில் மூன்று நிமிடம் தாமதித்தாலும் வருத்தம் தெரிவித்து அறிவிப்பு வருமாம். நான் புதுச்சேரி பஸ்ஸுக்கு நாற்பத்தோரு நிமிடம் நின்றேன், அதற்குள் ஒன்பது பேர் நின்று பேசிவிட்டுப் போனார்கள் என்றேன். அவரோ, தான் யாரிடமும் வாய் திறந்து மூன்று நாளாகிறது என்றார். பிறகு, ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டார்.

உடனே ‘வா’ என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முதலில் குறைகள்தான் கண்ணில் படும். கரண்ட் போகும், கொசு பிடுங்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும் என்று ஏழு காரணங்களை அடுக்கி, “உன்னால இங்க ஒரு மாசம் தாங்க முடியாது மச்சான்” என்றேன். அடுத்த ஞாயிறு முடிவு சொல்வதாக அவர் போனை வைத்துவிட்டார். அவர் தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அது அக்டோபரின் கடைசி ஞாயிறு. ஐந்தரைக்குப் போன் அடிக்கவில்லை. ஐந்து நாற்பது ஆயிற்று, ஐந்து ஐம்பதும் ஆயிற்று. நான் சொன்ன ஒரு வார்த்தையால் அந்த மனிதர் கடைசிவரை தனியாகவே கிடப்பார் என்று தோன்றியது. ஆறு ஐந்துக்கு நானே கூப்பிட்டேன்.

“மச்சான், நான் சொன்னத மனசுல வெச்சிக்காத. மாடி ரூமுக்கு வெள்ளை அடிச்சி வெச்சிருக்கேன். வந்துடு.”

தட்டு நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தார். “இன்னா வாத்தியாரே, இங்க இன்னும் மணி ஒன்னு முப்பத்தஞ்சுதான். குளிர்காலம் வருதுன்னு இன்னிக்கிதான் கடியாரத்த ஒரு மணி பின்னால தள்ளி வெச்சாங்க. ரெண்டுக்குக் கூப்புட்டு, நான் வரலன்னு சொல்லலாம்னு இருந்தேன்.”

“இப்ப இன்னா சொல்ற?”

“நீதான் வெள்ளையே அடிச்சிட்டேன்றியே.”

போனை வைத்ததும், எப்போது அடித்தீர்கள் என்று என் மனைவி கேட்டாள். மாடி ரூமில் பதினொரு நெல் மூட்டைகள் கிடந்தன. மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் மூட்டையை நகர்த்தினேன்.

தை பிறந்ததும் மச்சான் வந்தார். ஒரு மாதம் தாங்க மாட்டார் என்றேன், இது ஐந்தாவது மாதம். கொசுவையும் கரண்டையும் என்னைவிட அதிகமாகத் திட்டுகிறார். காலையில் அவர் படியிறங்கும் சத்தத்தை அடுப்படியில் நின்று எண்ணுகிறேன். மொத்தம் பதினாறு படி. ஒன்பதாவதில் நின்று மூச்சு வாங்குவார். மீதி ஏழும் கேட்ட பிறகுதான் நான் காபி ஆற்றத் தொடங்குவேன்.