தங்கமீன் தொட்டிக்கு ஒரு பானை ஐஸ்

அரியாங்குப்பம் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் செருப்பை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. ஐஸ் கம்பெனி கொடுத்த ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே நடந்திருக்கிறேன். திரும்பிப் போக மனமில்லை. கத்திரி வெயில். நிழல் விழுந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்து டவுனுக்குள் வந்தேன்.

நான்கு மாதம் உப்புத் தண்ணீரில் நின்றதில் கால் விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகியிருந்தது. இரண்டு நாளைக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுங்கள் என்று கேட்டேன். "உக்காந்து செய்யற வேலைன்னா கலெக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றார் சூப்பர்வைசர். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதனால் வேறு ஊர் பார்க்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நெல்லித்தோப்பில் ஒரு வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் சொம்போடு வந்தவர், சொம்பை நீட்டாமல் என் தோளைப் பார்த்தார். ஐஸ் பாளம் தூக்குவதற்காகப் போட்டிருந்த சாக்கு இன்னும் தோளிலேயே கிடந்தது.

"ஐஸ் கம்பெனி ஆளா நீ?"

"காலையில வரைக்கும் அக்கா."

"எங்களுக்குக் கடக்கரை ஊரு. அந்தச் சாக்கப் பாத்தா தெரியாதா? தண்ணியக் குடிச்சிட்டு மேல வா தம்பி. ஒன்னு காட்டணும்."

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. எட்டுத் தங்கமீன்களும் மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயை வைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த சூடு காட்டும் பட்டை முப்பத்தைந்தில் நின்றது.

மீன்கள் அவருடைய கணவர் வளர்ப்பவை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து கோரிமேட்டில் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். கஞ்சி குடிக்கச் சொல்லியும் இரண்டு நாளாக வாயில் வைக்கவில்லையாம். யார் போனாலும் அவர் கேட்பது மீனைப் பற்றி மட்டும்தான்.

"புள்ள இல்லாத வீடு. இதுங்கதான் அவருக்கு எல்லாம். இதுங்களுக்கு ஒன்னு ஆச்சின்னா அந்த மனுசன் எழுந்துக்க மாட்டாரு தம்பி" என்றார். உடனே தலையில் அடித்துக்கொண்டார். "மீன் வித்து வளந்தவ நான். எனக்கு வந்த பொழப்பப் பாரு, மீனுக்கு வேர்க்குதுன்னு அழுவுறேன்."

தெருமுனை ஜூஸ் கடையில் அரைப் பாளம் ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றி, தரையில் அடித்துத் தூளாக்கினேன். பிறகு நாங்கள் இருவரும் செய்ததை இன்று நினைத்தாலும் கை கூசுகிறது. அவர் பிறந்ததிலிருந்து மீனையும் ஐஸையும் சேர்த்தே பார்த்தவர். நான் நான்கு மாதமாக ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ் என்று பெட்டி கட்டியவன். எங்கள் இருவர் கைக்கும் தெரிந்தது செத்த மீன்தான் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. நான் இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் கொட்டினேன். "இன்னும் கொஞ்சம் போடு" என்றார் அவர்.

பட்டை மளமளவென்று இறங்கியது. மீன்கள் திடுக்கிட்டுக் கண்ணாடியில் மோதின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது, இன்னொன்று தலைகீழாகப் போனது. வலையால் ஐஸை அரித்து வெளியே எடுப்பதற்குள் இரண்டு அடங்கிவிட்டன. அதில் ஒன்றுக்கு வால் முழுக்க வெள்ளை, முந்தானை போல நீளம். அந்த அம்மாள் அதைக் கையில் எடுத்து, பழக்க தோஷத்தில், மீன் புதுசா என்று செவுளைத் தூக்கிப் பார்த்தார். பார்த்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பேன்.

நானும் உட்கார்ந்து, ஐஸ் கம்பெனியில் ஐஸ் எப்படி உறைகிறது என்று யோசித்தேன். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர் கடும் குளிர்ச்சியாக இருக்கும். அதில் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டின்களை இறக்குவோம். இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று தொடாது. நடுவில் இருக்கும் தகரத்தின் வழியாகக் குளிர் மட்டும் உள்ளே போகும். நான்கு மாதமாகத் தினமும் பார்த்தது, தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, மெல்லிசா நீளமா ஒரு டியூப் வேணும்."

பக்கத்து வீடு ஒரு கொத்தனார் வீடு. சுவர் கட்டும்போது மட்டம் பார்க்கிற லெவல் டியூப் அவரிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் டியூபோடு அவரே மாடிக்கு வந்துவிட்டார்.

"இன்னா, மீனுங்க மட்டமா நீந்துதான்னு பாக்கப் போறியா?"

"சும்மா இரு கொழுந்தனாரே. ஏற்கெனவே ரெண்டு போயிட்டுது" என்றார் அந்த அம்மாள்.

கொத்தனார் தொட்டியைப் பார்த்து எண்ணினார். சிரிப்பு போய்விட்டது. "டியூப வெட்டறதுன்னாலும் வெட்டிக்க" என்றார்.

தொட்டித் தண்ணீரைச் சுற்றவிடக் கணவர் வாங்கி வைத்திருந்த கையகல மோட்டார் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைத் தொட்டிக்குள் வைத்து, அதன் வாயில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி லெவல் டியூபை இறுக்கினேன். டியூபை வளையம் வளையமாகச் சுருட்டி ஒரு மண்பானைக்குள் இறக்கி, மறுமுனையைத் திரும்பத் தொட்டிக்கே கொண்டுவந்தேன். பானைக்குள் மிச்ச ஐஸும் தண்ணீரும். பானையைச் சுற்றி என் தோள் சாக்கு, நனைத்துக் கட்டியது. டேபிள் ஃபேனைத் தொட்டியின் மேல் சாய்த்து, தண்ணீர் மீது காற்றுப் படும்படி வைத்தோம்.

முதல் தடவை டியூப் பிடுங்கிக்கொண்டு கொத்தனாரின் சட்டையை நனைத்தது. இரண்டாம் தடவை நின்றது. இனி அவசரம் கூடாது என்று துணி காயப்போடும் கிளிப்பை டியூபில் மாட்டி, தண்ணீர் நூலாக விழும்படி செய்தேன். பட்டையில் ஒவ்வொரு கோடாக இறங்கியது. முப்பத்து மூன்றில் மீன்கள் காற்று குடிப்பதை நிறுத்தின. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முப்பத்தொன்று. ஆறும் கீழே இறங்கிக் கூழாங்கல்லைக் கிளறத் தொடங்கின. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

ஆனால் பானையில் ஐஸ் கரையக் கரைய மாற்ற வேண்டும். அதற்கு ஆள் வீட்டிலேயே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட இருந்த நாத்தனார் காலையில் தன் ஊருக்குப் போகிறாள் என்றார். மீனோடு இருந்தால் புருஷனோடு இருக்க முடியாது.

"நான் போறேன் அக்கா, ஆஸ்பத்திரிக்கி" என்றேன். "வேற ஊருக்குப் போவ எனக்கு ஒன்னும் அவசரமில்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டக் கொன்னாச்சி. இனிமே பாத்து நடந்துப்ப" என்றார். பிறகு, "எத்தினி இருக்குதுன்னு கேப்பாரு. எட்டுன்னு சொல்லு" என்றார். சோறு போட்டார். கணவரின் ரப்பர் செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளக் கொடுத்தார்.

மறுநாள் காலை தூக்குவாளியில் கஞ்சியோடு கோரிமேட்டில் இறங்கினேன். வார்டில் ஒல்லியான மனிதர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"அது என் செருப்புதான?"

"ஆமாண்ணே."

"எல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

எட்டும் நன்றாக இருக்கின்றன என்றேன்.

"வெள்ள வால்காரி? அவ மொதல்ல தின்ன மாட்டா. மத்ததுங்கள விட்டுட்டுக் கடசியாதான் வருவா. நேத்து வந்தாளா?"

எட்டு என்று சொல்வது எளிதாக இருந்தது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஐஸ் கொட்டியதைச் சொன்னேன். இரண்டு போனதையும், அதில் அவளும் ஒருத்தி என்பதையும் சொன்னேன்.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். திரும்பாமலே கேட்டார்.

"மிச்சம் ஆறும்?"

"கீழ எறங்கிக் கல்லக் கெளறுதுங்க."

"தண்ணி எவ்ளோ?"

"காலையில முப்பது."

"எப்டிக் கொறச்ச?"

பானையைச் சொன்னேன். டியூபைச் சுருட்டிய விதம் வாயால் சொல்ல வரவில்லை. அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப் டியூபைக் காட்டி, விரலால் வளையம் போட்டேன். இப்போது என் பக்கம் திரும்பியிருந்தார்.

"இன்னும் ஒன்னு கொறைக்கலாம். அதுக்குக் கீழ போவக் கூடாது. அவகிட்ட போன் பண்ணிச் சொல்லு" என்றார். பிறகு, "அந்த வாளில இன்னா இருக்குது?" என்றார்.

பாதிக் கஞ்சி உள்ளே போன நேரத்தில் நர்ஸ் வந்தார். "இந்த பெட்டுக்கு யாரு கூட இருக்கறது?"

நான் எழுந்து நின்றேன். எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்டார்.

"நம்ம வீட்ல வேல பாக்கறவரும்மா" என்றார் கட்டிலில் இருந்தவர்.

நர்ஸ் கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பையைக் கழற்றி, அளவு பார்த்துக் காலி செய்து, திரும்ப மாட்டிக் காட்டினார். இதைத்தான் இனி நான் செய்ய வேண்டும். நான் குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.