பூட்டுப் போட்ட சக்கரமும் பிரேக் போட்ட சக்கரமும்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று லாக்கர் கட்சி. அதன் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாமே என் கணவர்தான். இன்னொன்று டிராக்‌ஷன் கண்ட்ரோல் கட்சி. அதற்கு என் அண்ணன். இரண்டு கட்சிக்கும் கூட்டம் எங்கள் சாப்பாட்டு மேசையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு வாரம் கிள்ளானில் எங்கள் வீடு, மறுவாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணன் வீடு. மீன் குழம்பை ஊற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள்.

கணவருக்கு லோரி உதிரிப்பாகக் கடை. அண்ணன் பல் டாக்டர். இரண்டு பேருமே நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டையை அடைத்துப் பிழைப்பவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சேற்றில் விழுந்து புரண்டால்தான் அவர்களுக்கு உயிர் வந்தது. காட்டு வழியில் ஜீப் ஓட்டுவது அப்போது பெரிய மோகம். மழை பெய்தால் மற்ற வீட்டு ஆண்கள் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் வண்டிச் சாவியைத் தேடுவார்கள்.

சண்டை எதைப் பற்றி என்று எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை. பிறகு கேட்டுக் கேட்டுக் காதில் ஏறிவிட்டது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்காக நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. தார் ரோட்டில் அது தங்கமானது. சேற்றுக்குப் போனால் அதற்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடும். எந்தச் சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றுகிறதோ, அதையே சுற்றிக்கொண்டிருக்கும். அழுகிற பிள்ளைக்கே எல்லா முறுக்கையும் கொடுக்கிற மாதிரி. நல்ல தரையில் நிற்கிற சக்கரம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

என் கணவர் தன் பழைய ஜப்பான் ஜீப்பின் பின்பக்கம் லாக்கர் மாட்டியிருந்தார். சுவிட்சைத் தட்டினால் காற்று உஸ்ஸென்று போய் இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும். அண்ணன் வாங்கியிருந்தது பெரிய இங்கிலாந்து வண்டி. அதில் பூட்டு கிடையாது, டிராக்‌ஷன் கண்ட்ரோல்தான். எந்தச் சக்கரம் வெட்டியாகச் சுற்றுகிறதோ, அதை மட்டும் வண்டியே பிரேக் போட்டு அடக்கும். பலம் தானாக மற்ற சக்கரத்துக்குப் போகும்.

"மாப்ள, உங்க வண்டி முரடன். என் வண்டி யோசிக்கும்," என்பார் அண்ணன்.

"யோசிக்கிறதுக்குள்ள சேத்துல பாதி போயிடும் மச்சான். சேத்துல யோசிக்கக் கூடாது லா, போய்க்கிட்டே இருக்கணும்."

லாக்கர் என்றால் நகை வைக்கிற பெட்டி என்றுதான் என் மாமியார் கடைசிவரை நினைத்திருந்தார். மகன் ஜீப்புக்கு அடியில் நகை வைத்திருப்பதாக அவருக்கு ஒரு சந்தோஷம். நாங்கள் அதைக் கெடுக்கவில்லை.

இந்தக் கூட்டங்களில் அண்ணி வாயே திறக்க மாட்டார். பேங்கில் ஆபீசர். ஈப்போக்காரர். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் "சாப்பிட்டியாமா", "சாப்பிட்டேன் அண்ணி" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. அவருக்குத் தலைக்கனம் என்று நான் நினைத்தேன். எனக்கு வாய் நீளம் என்று அவர் நினைத்தார். அவர் நினைத்ததில் தவறில்லை.

அந்த வருஷம் ஜெஞ்சாரோமைத் தாண்டி, என் கணவர் பிறந்த, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. சாயங்காலம் தீமிதி, மத்தியானம் அன்னதானம். முதல் நாள் கொட்டிய மழையில் கோயில் சமையல் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, அடுப்பில் தவளை குடியேறிவிட்டது. அதனால் பந்திங் டவுனில் ஒரு சமையல்காரரிடம் சொல்லி, அங்கேயே சமைத்தார்கள். காலையில் அண்டாக்களை ஏற்ற வந்த லோரிக்காரர் தோட்டத்துப் பாதையைப் பற்றி விசாரித்துவிட்டுக் கையை விரித்தார்.

"உள்ள போனா வெளிய வர முடியாது அண்ணே. களிமண்ணு. சாமி என்னைய மன்னிக்கும், லோரி முதலாளி டவுக்கே மன்னிக்க மாட்டான்."

கோயில் கமிட்டித் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். திருவிழாவுக்குப் போகிற வழியில் அங்கே வந்திருந்த என் கணவரும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண மாப்பிள்ளை முகத்தில்கூட நான் அப்படி ஒரு ஒளியைப் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில் நிச்சயமாகப் பார்க்கவில்லை.

சோறும் சாம்பாரும் ஜீப்பில் ஏறின. பொரியல், வடை, பாயசமெல்லாம் அண்ணன் வண்டியில், அவர் பக்கத்து சீட்டில் அண்ணி. முன்சீட்டில் வாழையிலைக் கட்டு ஏறிக்கொண்டதால், சாம்பார் அண்டாவைப் பிடித்துக்கொள்ளும் வேலையோடு நான் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்தேன். மூடியைத் துணி போட்டுக் கட்டியிருந்தார்கள். பட்டுப்புடவையில் சாம்பாரைக் கட்டிப்பிடித்தபடி ஊர்வலம் போன ஒரே மருமகள் அந்தத் தோட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் பாதை என்று ஒன்று இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் சுவிட்சைத் தட்டினார். உஸ்ஸென்றது. ஜீப் எருமைக் கடா மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போனது. சேறு கண்ணாடியில் அறைந்தது, வண்டி நிற்கவே இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"பாத்தியா?" என்று கத்தினார்.

"ரோட்டப் பாருங்க!" என்று நானும் கத்தினேன்.

பின்னால் அண்ணன் வண்டியும் கடகடவென்று ஏதோ முனகிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக, ஆனால் வந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு பாதை ஒரு பாரிட்டை ஒட்டிப் போனது. பாரிட் என்றால் தோட்டத்துத் தண்ணீரை வடிய விடுகிற வாய்க்கால். அந்த இடத்தில் தரை வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்திருந்தது. சேறு ஆழமில்லை, ஆனால் சோப்புப் போட்ட மாதிரி வழுவழுப்பு. இந்த மாதிரி சாய்வில் லாக்கரை எடுத்துவிட வேண்டும் என்று என் கணவரே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு உபதேசம் செய்திருக்கிறார். பூட்டாத வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பூட்டிவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு வழுக்கும்.

"லாக்கர எடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இப்பதான் நல்லா போகுது, எதுக்கு எடுக்கணும்?"

வாக்கியம் முடிவதற்குள் ஜீப்பின் பின்பக்கம் மெதுவாக, அவசரமே இல்லாமல், வாய்க்காலைப் பார்த்து நகர்ந்தது. அவர் ஸ்டீரிங்கைத் திருப்பினார். முன்பக்கம் மட்டும் திரும்பியது. பின்பக்கம் போன வழியே போய், பாரிட்டுக்குள் உட்கார்ந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. அண்டா என் மடியைப் பார்த்தது. துணி அவிழ்ந்து பாதி சாம்பார் என் மேல். நல்லவேளை, பந்திங்கிலிருந்து வருவதற்குள் சூடு ஆறியிருந்தது. முருங்கைக்காய் ஒன்று ரவிக்கைக்குள் போய்விட்டது. நான் அப்போது சொன்ன வார்த்தைகளை அம்மன் சன்னதிக்கு அவ்வளவு பக்கத்தில் சொல்லியிருக்கக் கூடாது.

பின்னால் வந்த அண்ணன் கண்ணாடியை இறக்கினார். சிரிப்பை அடக்கப் பார்த்து, தோற்றார்.

"மாப்ள, யோசிக்கச் சொன்னேனே!"

எங்களுக்கு உதவி செய்ய இறங்குவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிவிழா நடத்தக் கிளம்பினார். பாதையை ஜீப்பின் மூக்கு அடைத்திருந்ததால், மறுபக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே வண்டியை இறக்கிச் சுற்றிப் போகப் பார்த்தார். அங்கே குறுக்கே ஒரு சின்னக் கால்வாய். அதில் வண்டி கோணலாக இறங்கியதும் முன்சக்கரம் ஒன்றும் எதிர்மூலைப் பின்சக்கரம் ஒன்றும் அந்தரத்தில் நின்றன. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. கடகடவென்று சத்தம். சத்தம் கேட்டதும் அண்ணன் பயந்துபோய்க் காலை எடுத்தார். வண்டி பழைய இடத்துக்கே சரிந்தது. மறுபடி அழுத்தினார், சத்தம் வந்தது, காலை எடுத்தார். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி கத்தினால் கையை எடுக்கிற பழக்கம் போலிருக்கிறது.

கடைசியில் கோபம் வந்து ஒரே மிதியாக மிதித்தார். சக்கரங்கள் பேய் பிடித்த மாதிரி சுற்றின, கருகல் வாடை வந்தது. அதற்குப் பிறகு விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே எரிந்துகொண்டு நின்றது. சத்தமும் நின்றது.

"என்னா மச்சான், யோசிக்குதா?" என்றார் என் கணவர், முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு.

"பிரேக் சூடாயிடுச்சு. அதான் அதுவே ஆஃப் ஆயிடுச்சு. ரெஸ்ட் எடுக்குது."

"அடேங்கப்பா. மே தினமா?"

அப்போதுதான் அண்ணி வண்டியிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டார். பேங்க் ஆபீசரின் கெண்டைக்காலை நான் முதல்முறையாகப் பார்த்தேன். வடைக் கூடையை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவருக்கும். வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டைக் குவியலில், முள்ளில்லாத பக்கமாகப் பார்த்து, இரண்டு பேரும் உட்கார்ந்து வடை தின்றோம். தொட்டுக்கொள்ள என் புடவை இருந்தது. ஆண்கள் இரண்டு பேரும் யார் வண்டி அதிகமாக மாட்டிக்கொண்டது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"இத்தன வருஷமா ஏன் அண்ணி பேசவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க பேச விட்டீங்க? வந்த நாள்லேர்ந்து உங்க வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறீங்க. எனக்குக் காதுதான் வேலை செஞ்சது."

கேட்கச் சங்கடமாக இருந்தது. உண்மை என்பதால் இன்னொரு வடையை எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அண்ணி கையை நீட்டினார். "சாவிய குடுங்க."

"இது சாதாரண வண்டி இல்லமா," என்றார் அண்ணன்.

"பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே வரேன். அந்தச் சத்தம் வந்ததும் நீங்க காலை எடுத்துடுறீங்க. அது அப்பதான் வேலையே ஆரம்பிக்குது. பாவம், பாதி வேலையில நிறுத்திட்டு, அப்புறம் அதுமேலயே கோவிச்சுக்கிறீங்க."

அண்ணன் சாவியைக் கொடுத்தார். அண்ணி எஞ்சினைப் போட்டபோது பிரேக் ஆறி அந்த விளக்கு அணைந்திருந்தது. சக்கரத்துக்கு முன்னால் அந்த மட்டைகளைப் போடச் சொன்னார். பல் டாக்டரும் உதிரிப்பாக டவுக்கேயும் முள் குத்தக் குத்த இழுத்துப் போட்டார்கள். அண்ணி மெதுவாக அழுத்தினார். விளக்கு மினுக்கியது. கடகடவென்று வண்டி முழுக்க உதறியது. அவர் காலை அசைக்கவே இல்லை. முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை, கவுன்டரில் கத்துகிற வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தரத்தில் நின்ற சக்கரங்கள் அடங்கின. வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஒரு குலுக்கலோடு மேட்டில் ஏறி, ஜீப்புக்கு முன்னால் போய்ப் பாதையில் நின்றது. நான் கை தட்டினேன். சாம்பார் தெறித்தது.

பிறகு ஜீப்புக்குக் கயிற்றுப் பட்டை மாட்டினோம். அண்ணி தலையை வெளியே நீட்டி என் கணவரிடம் சொன்னார்: "தம்பி, அந்தப் பூட்ட இப்ப போட்டுக்குங்க. நேரா வாங்க. மேல ஏறினதும் எடுத்துடுங்க. இந்த வாட்டி நெசமாவே எடுத்துடுங்க."

அங்கே இழுக்க, இங்கே இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து உந்த, ஜீப் பாரிட்டைவிட்டு வெளியே வந்தது. கணவர் சுவிட்சை அணைத்ததை நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி உட்கார்ந்து காத்திருந்தது. எங்களுக்கு முன்பே மோட்டார்சைக்கிளில் வந்துவிட்ட கமிட்டித் தலைவர் ஓடி வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மிச்ச சாம்பார் எங்க?"

"தங்கச்சி மேல இருக்கு," என்றார் அண்ணன்.

தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் கொஞ்சம் புளியும் வெந்நீரும் சேர்த்து இருந்ததை நீட்டிச் சமாளித்தார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே புதிதாக ஒன்று பிறந்தது. யாரும் குறை சொல்லவில்லை, இரண்டாம் முறை கேட்டவர்களும் உண்டு. எனக்கு ஒரு அக்கா மாற்றுப் புடவை கொடுத்தார். சாயங்காலம் தீமிதியில் இறங்கியவர்களைவிட என் கணவரும் அண்ணனும்தான் அதிக பக்தியோடு, சத்தமே இல்லாமல் நின்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெளிந்துவிட்டார்கள். என் வண்டிதான் இழுத்தது என்றார் அண்ணன். லாக்கர் இல்லாவிட்டால் இழுத்தும் வந்திருக்காது என்றார் கணவர். அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்க பேங்க்லயும் லாக்கர் இருக்கு. அதுக்குள்ள வைரம் இருந்தாலும் யாரும் இவ்வளவு பெருமை பேசுறதில்ல. சாப்பிடுங்க."

இரண்டு கட்சியும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டன. நான் அவருக்கு மீன் தலையை எடுத்து வைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விருது கிடையாது.

அந்த இங்கிலாந்து வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அண்ணி கைக்கு மாறிவிட்டது. அண்ணன் கிளினிக்குக்கு ஒரு சின்னக் காரில் போக ஆரம்பித்தார், பார்க்கிங் சுலபம் என்று காரணம் சொன்னார். மழை பெய்த சில சனிக்கிழமைகளில் அண்ணி கிள்ளானுக்கு வந்து வாசலில் ஹார்ன் அடிப்பார். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பழைய ஈய லம்பத்துக்கு, அதாவது கைவிட்ட ஈயச் சுரங்கத்துக்குப் போவோம். வெள்ளை மணலும் பள்ளமும் குட்டையுமாகக் கிடக்கும் இடம். அங்கேதான் அவர் எனக்குச் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். முதல் பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வந்ததும் எனக்கும் கால் தானாக மேலே வந்தது.

"உங்க அண்ணன் ரத்தம்," என்றார் அண்ணி.

வந்த கோபத்தில் மறுபடி அழுத்தி, காலை எடுக்காமல் வைத்திருந்தேன். வண்டி ஏறிவிட்டது. மேட்டில் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.