கடைசியாகக் கை வைத்தவர்

எங்கள் கடைக்கு எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக யார் கை வைத்தது? நேற்றுவரை ஓடிய வண்டி தானாகக் கெடுவது குறைவு. யாராவது ஒயரை இழுத்திருப்பார்கள், எதையாவது கழற்றிச் சரியாக மாட்டாமல் விட்டிருப்பார்கள். மண்டி மொஹல்லாவில் இருபத்தாறு வருடமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு யாரும் 'நான்தான்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கடை எனக்கும் என் கூட்டாளிக்கும் பொது. அவர் கொள்ளேகால்காரர், கோயில் குளம் என்று போகிறவர். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். ஆயுத பூஜை அன்று அவர் விடியலிலேயே வந்து ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், டெஸ்ட் லேம்ப் எல்லாவற்றையும் துடைத்து, வாழையிலையில் அடுக்கி, பொட்டு வைத்துப் பூஜை செய்துவிடுவார். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை அவற்றைத் தொடக்கூடாது. வாடிக்கைக்காரர்களும் வண்டியைக் கொண்டுவந்து பூஜை செய்துகொண்டு போவார்கள். நான் ஒதுங்கி நின்றால் அவருக்குப் பொறுக்காது. சந்தனக் கிண்ணத்தை என் கையில் திணித்து, "நீங்களும் வெய்யுங்க, வேல ரெண்டு பேர்த்துதுந்தான" என்பார். எங்கே, எவ்வளவு வைக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குறைவாக வைத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கொஞ்சம் தாராளமாகவே வைப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு, காலை ஏழு மணிக்கே ஹனூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் லாரி அவருடையது, ஓட்டுவதும் அவரே. அந்த வண்டிக்கு எங்களிடம்தான் வைத்தியம். பின்னால் முழுக்கச் சாமந்தி. மார்க்கெட் ரோட்டில் நிறுத்தி வண்டியிலிருந்தே விற்பதற்காகக் கொண்டுவந்தது. போகிற வழியில் எங்களுக்கு நாலு முழம் கொடுத்துவிட்டு, பூஜையும் செய்துகொள்ளலாம் என்று இஞ்சினை நிறுத்தினார். என் கூட்டாளி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார், சூடம் காட்டினார். பானெட்டைத் திறந்து, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். நானும் உள்ளே குனிந்து அங்கங்கே வைத்தேன். அதோடு என் கூட்டாளி தன் மைத்துனரின் பட்டறைப் பூஜைக்கு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண் சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. பத்து தடவை ஆயிற்று. எலுமிச்சைகள் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

"நாலு மாசம் தண்ணி கட்டுன பூவுங்ணா" என்றார். "இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல யாரு சீந்துவாங்க?"

அது உண்மை. கடைக்காரர்கள் மதியத்துக்குள் பூஜையை முடித்து ஷட்டரை இழுத்துவிடுவார்கள்.

இஞ்சின் பிடிக்கப் பெட்ரோல் வேண்டும், அதைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது, ஆக அது வருகிறது. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த ஒயரைப் பிடுங்கி, துணி சுற்றி, நுனியை இஞ்சின் இரும்பின் அருகே பிடித்துக்கொண்டு செல்ஃப் போடச் சொன்னேன். நீலமாக ஒரு பொறி தாவ வேண்டும். ஒன்றும் தாவவில்லை.

பொறியை உண்டாக்கி அந்தத் தடித்த ஒயரில் அனுப்புவது காயில் என்ற சிறு உருளை. அதை மாற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். புதுக் காயில் மேசை டிராயரில் இருந்தது, ஸ்பேனர் இலையில் இருந்தது. எனக்கென்ன விலக்கு என்று உள்ளே போய்க் கையை நீட்டினேன். அந்தப் பெண் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அதத் தொடாதீங்ணா."

"எனக்கு அதெல்லாம் இல்லம்மா. நான் சர்ச்சுக்குப் போறவன்."

"உங்களுக்கு இல்லீங்ணா, எனக்கு. பூஜைக்கு வெச்சத எடுத்து வண்டிய ஓட்டுனா வருசம் பூரா மனசு அதுலயே கெடக்கும். கையால பாருங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. கையால் பார்க்க நான் என்ன நாடி வைத்தியனா என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இரண்டு கிளிப்பில் நிற்பது, விரலால் தள்ளினால் திறக்கும். உள்ளே பாயிண்ட் என்று இரண்டு சிறு உலோக முனைகள் உண்டு. அவை சேர்ந்து பிரியும்போதுதான் காயில் வேலை செய்யும். ஊதுவத்திக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். சின்னதாகப் பொறித்தது. கரண்ட் அதுவரை வருகிறது. ஆனாலும் முனைகள் கறுத்திருந்தன. தீப்பெட்டியின் உரசுபக்கத்தைக் கிழித்து அவற்றைத் தேய்த்தேன், காலண்டர் தாளால் துடைத்தேன். செல்ஃப் போட்டார். ஒன்றுமில்லை. மூடியில் விரிசல் தேடினேன். அதுவும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கண்டென்சர்தான் போயிருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். வேறு மெக்கானிக் யாராவது இருந்தால் பூஜைக்கு வைக்காத ஸ்பேனர் இரவல் வாங்கலாம் என்று தெருக்கோடி வரை நடந்தேன். எல்லாப் பட்டறைக் கதவிலும் மாலை, எல்லாக் கதவிலும் பூட்டு.

திரும்பி வந்தபோது அவர் பூ மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஷட்டர் இறங்கும் சத்தத்துக்கும் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி தெளித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பதினொன்றரைக்கு மறுபடி செல்ஃப் போடச் சொல்லிவிட்டு, ஊன்றிக்கொள்ள இடது கையைக் காயில் பக்கம் வைத்தேன். முழங்கை வரை சுளீரென்று இழுத்தது. பொறி இருந்தது. போக வேண்டிய ஒயருக்குப் போகாமல் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். காயிலின் கறுப்பு மூக்கில், தடித்த ஒயர் நுழையும் இடத்திலிருந்து சின்ன ஒயர் மாட்டும் இடம் வரை, சந்தனம் ஈரமாக வழிந்திருந்தது. வந்த கரண்ட் முழுவதும் அந்த ஈரத்தில் இறங்கியிருக்கிறது. என் கூட்டாளி மோதிர விரலால் வைப்பார், மிளகு அளவுதான் இருக்கும். இது கட்டைவிரல் அகலம்.

முதல் கேள்வியை அன்று நான் கேட்கவே இல்லை. பொட்டு வைத்ததைக் கை வைத்ததாக நான் நினைக்கவில்லை.

கைக்குட்டையால் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, அதைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். திறந்து நின்ற பானெட் மறைத்ததால் ஸ்டியரிங்கில் இருந்த அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்தது.

"என்னங்ணா ஆயிருந்துச்சு?"

"ஒயர் லூசா இருந்துச்சும்மா."

எலுமிச்சைகள் நசுங்கின. லாரி போயிற்று. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

நாலு மணிக்குத் திரும்பி வந்தார். பாதிக்கு மேல் பூ அப்படியே இருந்தது. இஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, இரண்டு கைக்கும் கொள்ளாத சாமந்தியை என் மேசையில் வைத்தார். "நீங்க இல்லீனா இங்கயேதான் நின்னிருப்பேன்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் கூட்டாளியிடமும் மூச்சு விடவில்லை.

போன வருட ஆயுத பூஜைக்கு அந்தப் பெண் வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வந்தார், ஆறு மணிக்கே. என் கூட்டாளி எலுமிச்சை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். நான் குனிவதற்குள் அந்தப் பெண்ணின் கை முந்திக்கொண்டு காயிலை உள்ளங்கையால் மூடியது.

"வேற எங்க வேணும்னாலும் வெய்யுங்ணா" என்றார். "இங்க மட்டும் வேண்டாம். ஒயர் லூசாயிரும்."

முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் அவ்வளவாக இல்லை. என் கூட்டாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சந்தனம் வெச்சா ஒயரு எப்படி லூசாகும்?" என்றார். "ஏம்மா, போன தடவ யாரு கை வெச்சது?"

அந்தப் பெண் காயிலிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றேன்.