பெண்கள் பிடித்த கவ்வாத்துக் கத்தி

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கத்தியைக் கையில் எடுத்ததால்தான் ஆண்கள் சயாமுக்குப் போனார்கள் என்று ஒரு பேச்சு எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. போன மாதம் ரிங்லெட்டில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆள் அதையே சொன்னார். அவரைப் பார்த்தால் ஜப்பான் காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து இதற்காவது உதவட்டும்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் எங்கள் வெள்ளைக்காரத் துரை காரில் நாயை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போனார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணியே தோட்டத்துக்கு எசமான் ஆனார். தானா ராத்தாவிலிருந்து ஒரு ஜப்பான் அதிகாரி அவ்வப்போது வந்து அவரை மிரட்டுவார், அவர் எங்களை மிரட்டுவார். பாதி மலையில் தேயிலையைத் தோண்டியெறிந்துவிட்டு மரவள்ளி நட்டோம். மீதித் தேயிலையை விட்டுவைத்தார்கள், ஏனென்றால் ஜப்பான்காரனுக்கும் தேத்தண்ணி வேண்டியிருந்தது.

அரிசி மலைக்கு வருவது நின்றுபோனது. ஆண்களைத் தாப்பாவுக்கு இறக்கி மூட்டைகளை முதுகில் தூக்கிவர வைத்தார் கிராணி. கீழே கொசு. போனவர்கள் அரிசியோடு காய்ச்சலையும் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து இல்லை. என் வீட்டுக்காரர் எங்களிடமிருந்த இரண்டு கம்பளிகளையும் போர்த்திக்கொண்டு பல் கிட்ட நடுங்கினார். ஆனால் விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வீட்டில் ஆண் வந்து நிற்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்து அரிசியை நிறுத்தினார் கிராணி. நோயாளிக்குக் கஞ்சி வைக்கக்கூட ஒரு பிடி கிடையாது. இந்த நியாயத்தை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் படுத்த படுக்கை. நாங்கள் இருவரும் கிராணியிடம் போய், வீட்டு ஆண்களுக்குப் பதிலாக நாங்கள் நிற்கிறோம், அரிசியைக் கொடுங்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார். ஆண்கள் செய்ய வேண்டியிருந்தது கவ்வாத்து வேலை. செடி மரமாக வளர்ந்துவிடாமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது அது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை, கவ்வாத்து ஆண்களின் வேலை. கவ்வாத்துத் தொடங்கும் நாளில் கத்திகளை அடுக்கிச் சூடம் காட்டுவார்கள். அந்தக் கத்தியைப் பெண் தாண்டவும் கூடாது, தொடவும் கூடாது. ஆனால் வெட்ட ஆள் போதவில்லை, வேறு வழியில்லாமல் கிராணி சரியென்றார். அந்த வருஷம் சூடமும் இல்லை, சாமியும் வந்து கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு முதலில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் செத்துப்போய்விட்டேனா என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, வாசலில் கிடந்த மரவள்ளிக் குச்சியை என்னிடம் கொடுத்து வெட்டச் சொன்னார். ஒரே வீச்சில், சாய்வாக, வெட்டுவாய் பிளக்காமல். பிளந்தால் மழைத் தண்ணீர் இறங்கிக் கிளை அழுகிவிடும். நான் வெட்டிய லட்சணத்தைப் பார்த்து, கத்தரிக்காய் நறுக்குகிறாயா என்று கேலி செய்தார். காய்ச்சல் வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

உள்ளங்கை கிழிந்தது, மூட்டு வீங்கியது. ஆனாலும் பழகிவிட்டோம். எங்களைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். நாங்கள் வெட்டிய மலையில் துளிர் ஒரே மட்டமாகக் கிளம்பியது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? என் வீட்டுக்காரருக்கும் காய்ச்சல் விட்டு, கைத்தடி ஊன்றி வெயிலில் உட்காரும் அளவுக்குத் தெம்பு வந்தது.

அப்போதுதான் அந்த ஜப்பான் அதிகாரி வந்தார். கிராணி அவரை எங்கள் மலைக்கே அழைத்து வந்து, பெண்கள் வெட்டியது என்று காட்டினார், ஏதோ அவரே வெட்டியது போல. அதிகாரி எங்களை வெட்டச் சொல்லிப் பார்த்தார், தலையாட்டினார், ஆளுக்குக் கொஞ்சம் உப்பு கொடுக்கச் சொன்னார். உப்பு அப்போது கண்ணில் காணக் கிடைக்காத பொருள். முந்தானையில் முடிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பெரட்டில் கிராணி அறிவித்தார். தோட்டத்தை நடத்தப் பெண்களே போதுமாம். அதனால் ஆண்கள் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போக வேண்டுமாம். கொஞ்ச நாள் வேலைதான், நல்ல சோறு, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். அவருடைய மகன் மட்டும் ஆபீஸுக்குத் தேவைப்பட்டான்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"காச்சக்காரருக்குப் பதிலா நின்னோம்ங்க. அவரே வேணாம்னு நாங்க எப்பச் சொன்னோம்?"

கிராணி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ நல்லா வெட்டுனலா. நான் என்னா பண்றது?"

அன்று மலைக்குப் போய் வேண்டுமென்றே செடிகளைக் கண்டபடி கொத்தினேன். அக்காவும் கொத்தினாள். பெண்களால் முடியாது, ஆண்கள் வேண்டும் என்று ஆகட்டுமே! கிளைகள் பிளந்து தொங்கின. கைத்தடியை ஊன்றி மெல்ல ஏறி வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு என் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். "தேயிலை என்னா பண்ணுச்சு? அதப் போட்டு ஏன் கிழிக்கிறே," என்றார். கிழித்ததற்கும் பலன் இல்லை. முந்தின நாள் நாங்கள் ஒழுங்காக வெட்டியதை அதிகாரி கண்ணால் பார்த்திருந்தார்.

லோரி வந்தது. நடக்கத் தடியைத் தேடிய மனுஷனை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். ரயில் பாதைக்கு மண் சுமக்க அவர் எப்படி ஆவார் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆள் கணக்குக்கு ஆள், அவ்வளவுதான். நான் லோரியோடு ஓடவில்லை, அழவில்லை. எனக்கு வந்ததெல்லாம் கோபம். பெண்கள் வேலை செய்தால் வீட்டுக்கு அரிசி வரும் என்று நினைத்தோம். பெண்கள் வேலை செய்தால் ஆண்கள் மிச்சம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். போட்டவர்களை விட்டுவிட்டு எங்களைக் குற்றம் சொல்ல இன்றைக்கும் பந்தியில் ஆள் இருக்கிறது.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனதும் வேறொரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கிராணி அதே கிராணி, சட்டை மட்டும் புதிது. போன ஆண்களில் ஒன்றிரண்டு பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. எங்கே விழுந்தார் என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை. தேயிலை காடாகிக் கிடந்தது, வெட்ட ஆள் இல்லை. ஆள் பஞ்சம் என்று துரை தலையில் கைவைத்தார். பெண்களுக்கு வேலை தெரியும் என்று கிராணி சொல்லியிருக்க வேண்டும், எங்களைக் கூப்பிட்டுக் கத்திகளைக் குவித்து வைத்தார்கள். கவ்வாத்துச் சம்பளம் தருவீர்களா என்று அக்கா கேட்டாள். கிராணி துரையிடம் பேசிவிட்டுத் திரும்பினார். அந்தச் சம்பளம் ஆண்களுக்கு உள்ளது, வீட்டைக் காப்பாற்றுகிறவன் ஆண் என்பதால். பெண்கள் வெட்டினால் அதைவிடக் குறைந்த கொழுந்துச் சம்பளம்தான்.

"அது ஆம்பள சம்பளம்னா, எங்க வீட்டுக்காரரக் கொண்டாந்து நிறுத்துங்க. அவரே வாங்கிக்கட்டும்," என்றேன்.

நான் என்ன சொல்கிறேன் என்று துரை கேட்டிருப்பார் போலிருக்கிறது. கிராணி அதைப் பெயர்த்துச் சொல்லவில்லை. எனக்குத் துரையின் பாஷை வராது. காய்கறிக் கடையில் பேசிப் பழகிய மலாய் கொஞ்சம் வரும், அவருக்கும் அது புரியும். அவர் முன்னால் போய் நின்று, என் புருஷன் சயாமுக்குப் போனார், திரும்பி வரவில்லை என்று நானே சொன்னேன்.

"லாக்கி சாயா பெர்கி சயாம். தா பாலிக்."

துரை என்னைப் பார்த்தார், பிறகு தேயிலையைப் பார்த்தார். நல்ல துரைதான் போலிருக்கிறது, தொப்பியைக்கூடக் கழற்றினார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே, கொழுந்துச் சம்பளத்துக்கு எத்தனை பெண்கள் சம்மதம் என்று கிராணியிடம் மலாயிலேயே கேட்டார்.